சொல் முரண்

எங்கள் அலுவலகத்துக்கு முதல் தடவை வருகிறவர்கள் திரையைத் தேடுவார்கள். விபத்து நடந்த இடத்தின் படம், வண்டியின் கண்ணில் பதிவான காட்சி, சிவப்பு வட்டம் போட்டுக் காட்டிய சைக்கிள், இப்படி ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். ஒன்றும் இருக்காது. பதினாறு மேசை, பதினாறு பேர், ஆளுக்கொரு காதுக்கருவி. நாங்கள் கேட்பாளர்கள். சாலையில் செத்துப்போனவர்கள் கடைசியாக என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுதுவது எங்கள் வேலை. அடையாள அட்டையில் 'குமுதவல்லி, குரல் சான்று அலுவலர்' என்று கௌரவமாகப் போட்டிருக்கும்.

கோயம்புத்தூரில் மனிதர் ஓட்டிய கார் கடைசியாக எப்போது ஓடியது என்று கேட்டால் நான் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். இப்போது நெடுஞ்சாலையில் ஓடுவதெல்லாம் தானாவண்டிகள். அரசாங்கம் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறது, அதை அரசாங்கமே சொல்வதில்லை. இருபது முப்பது வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல், தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில், சரமாகப் போகும். சிக்னல் கிடையாது. சரத்துக்குள் ஒரு வண்டி அடுத்து என்ன செய்யப்போகிறது என்பது மற்ற வண்டிகளுக்கு முன்கூட்டியே தெரியும். அவற்றுக்குத் தெரியாமல் இருந்தது சைக்கிள்காரர்களின் மனசுதான்.

ஆரம்பத்தில் தானாவண்டிகள் சைக்கிளைக் கண்ணால் பார்த்துத்தான் ஓடின. சைக்கிள்காரர்கள் சாலையைக் கடக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியும். ஒரு காலை ஊன்றி நிற்பார்கள். திரும்பிப் பார்ப்பார்கள். போய்விடலாம் என்று ஒரு மிதி மிதிப்பார்கள், வேண்டாம் என்று மறுபடி நிற்பார்கள். ஒவ்வொரு தடவையும் முன்வண்டி பதறி நிற்கும், பின்னால் முப்பது வண்டியும் நிற்கும். இது சரிப்பட்டு வராது என்று மேலே முடிவானது. சைக்கிளைச் சாலையை விட்டே விரட்டிவிடலாம் என்றார்கள் சிலர். மில்லுக்கும் தறிக்கும் வீட்டு வேலைக்கும் போகிற ஒன்றரை லட்சம் பேரை எங்கே விரட்டுவது? அப்போது வந்ததுதான் சொல் முறை. கண்ணை நம்பாதே, சொல்லை நம்பு என்று வண்டிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

சைக்கிள்காரர் ஒவ்வொருவரும் சட்டையிலோ சேலையிலோ ஒரு மைக்கைக் குத்திக்கொள்ள வேண்டும். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது, குத்தியிருப்பவர் குரலுக்கு மட்டும் கட்டுப்படும். நாம் சொன்னதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டு வண்டிகளுக்கு அனுப்பும் என்பதால் ஜனங்கள் அதற்குக் கிளி என்று பெயர் வைத்துவிட்டார்கள். மொத்தம் நாலு சொல். 'போறேன்' என்றால் கடக்கப்போகிறேன், வழி விடு. உடனே சரம் இரண்டாகப் பிரிந்து ஆறு விநாடிக்கு இடைவெளி கொடுக்கும். 'வர்றேன்' என்றால் நீ முதலில் போ, நான் பின்னால் வருகிறேன். சரம் மூடிக்கொண்டு வேகமெடுக்கும். மற்ற இரண்டும் 'திரும்புறேன்', 'நிக்கிறேன்'. சொல் வந்துவிட்டால் அதன் பிறகு கண்ணுக்கு மதிப்பில்லை. வண்டி சொல்லைத்தான் எடுத்துக்கொள்ளும்.

இந்த நாலு சொல்லைத் தேர்ந்தெடுத்த குழுவில் நானும் இருந்தேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விபத்து நடந்தால், கிளிக்குக் கடைசியாகக் கிடைத்த சொல்லையும் சைக்கிள் போன திசையையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை தானாகவே தயாராகிவிடும். 'வர்றேன்' என்று சொல்லிவிட்டுச் சாலைக்குள் போயிருந்தால், 'ஓட்டுபவர் பிழை: சொல் முரண்' என்று விழும். நாங்கள் கேட்டு, ஆமாம் அந்தச் சொல்தான் என்று சான்று கொடுப்போம். ஒரே இடத்தில் மூன்று சொல் முரண் பதிவானால் அங்கே சைக்கிள் கடக்கும் வழியை நிரந்தரமாக மூடிவிடுவார்கள். அந்தப் பகுதி மக்களுக்குச் சாலையில் போகத் தெரியவில்லை என்று அர்த்தமாம்.

சென்னியப்பன் முதல் தடவை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஐம்பத்தெட்டு வயசு இருக்கும். விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்திலேயே இருந்து பழகியவர்கள் பேசும்போது கொஞ்சம் உரக்கப் பேசுவார்கள், எங்கள் அலுவலகத்தின் அமைதியில் பதினாறு பேரும் காதுக்கருவியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தோம். அவருடைய மனைவி தெய்வாத்தாள், நெடுஞ்சாலையில் கிளைச்சாலை பிரிகிற வேப்பங்காட்டுப் பிரிவில் அதற்கு இருபது நாள் முன்பு காலை ஏழே முக்காலுக்கு அடிபட்டு அந்த இடத்திலேயே இறந்துபோயிருந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் தறிக்குடோனில் நூல் சுற்றப் போகிற வழியில். அறிக்கையில் வழக்கமான வரி இருந்தது. ஓட்டுபவர் பிழை: சொல் முரண்.

"அவ தப்பாச் சொல்ல மாட்டாளுங்க மேடம்" என்று அறிக்கையை மாற்றக் கேட்டு ஒரு மனுவை நீட்டினார் சென்னியப்பன். "எங்க காலனில முப்பது பொம்பளைகளுக்கு அந்த நாலு வார்த்தையச் சொல்லிக் குடுத்ததே அவதானுங்க. நான் அன்னிக்கு அங்கதான் நின்னுட்டிருந்தேன். அவ போறேன்னு சொன்னத என் காதால கேட்டேன்."

வருகிற எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். செத்தவர்கள் தப்புச் செய்ததாக எந்த வீட்டிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் பொறுமையாக, ஏற்கெனவே பலரிடம் கேட்டிருந்த கேள்விகளைக் கேட்டேன். நீங்கள் எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள்? மூணடி, நாலடி. அப்போது அவர்களிடம் ஏதாவது பேசினீர்களா? இல்லைங்க, ஒண்ணும் பேசலைங்க. டீக்கடைக்கு வந்தேன், அவள் கிளம்பினாள், பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். அவர் பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை. பொய் சொல்லவும் இல்லை.

அந்தப் பிரிவில் இதற்கு முன் இரண்டு சொல் முரண் பதிவாகியிருந்தது. தெய்வாத்தாள் மூன்றாவது. வழியை மூடுவதற்கான உத்தரவு தயாராக இருந்தது. மூடிவிட்டால் காலனியின் இருநூறு பெண்கள் தினமும் நாலு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு பாலத்தடிக்குப் போய்க் கடக்க வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும். காலனியில் இப்போதே சிலர் தெய்வாத்தாள் பேரைச் சொல்லி முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டதாகச் சென்னியப்பன் சொன்னார். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் தன் வாயைக் கட்டத் தெரியாமல் எல்லோர் பிழைப்பையும் கெடுத்துவிட்டாள் என்று. அதைச் சொன்னபோதுதான் அவர் குரல் இறங்கியது. மனைவி போனதை அவர் எப்படியோ ஏற்றுக்கொண்டுவிட்டார். அவளுக்குக் கெட்ட பேர் வந்ததை அவரால் ஏற்க முடியவில்லை.

அடுத்த செவ்வாயும் வந்தார். அதற்கடுத்த செவ்வாயும். யாரும் பேசாவிட்டாலும் ஓரத்து நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். மூன்றாவது தடவை நான் மேலே விண்ணப்பித்து முழுப் பதிவையும் வாங்கினேன். சாதாரணமாக எங்களுக்குக் கடைசிச் சொல் மட்டும்தான் வரும், ஒன்றரை விநாடி. விசேஷமாகக் கேட்டால் அதற்கு முந்தைய இருபது விநாடியும் தருவார்கள். யாரும் கேட்பதில்லை. கேட்டு வாங்கினால் ராத்தூக்கம் போய்விடும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு.

முதலில் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்கிற சத்தம். சாப்பாட்டுத் தூக்குப்போசி ஹாண்டிலில் இடிக்கிறது. பெண் குரல், தெளிவாக, பயிற்சி வகுப்பில் சொல்வது போல: "போறேன்." கிளி திருப்பிச் சொல்கிறது, போறேன். தூரத்தில் வண்டிச் சரம் பிரிந்து வேகம் குறைகிற இரைச்சல். ஒரு மிதி, இரண்டு மிதி. அப்போது பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல், உரக்க:

"ஏ புள்ள, போறேங்காத. வர்றேன்னு சொல்லிட்டுப் போ."

அந்தப் பெண் சிரிக்கிறாள். ரொம்ப நாள் குடித்தனம் நடத்தியவர்கள் புருஷனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. தலையைத் திருப்பியிருக்க வேண்டும், குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்கிறது. "செரி, வர்றேன்."

வர்றேன், என்றது கிளி.

அதற்குப் பிறகு வந்ததை எழுதப் போவதில்லை.

காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தேன். பக்கத்து மேசைக்காரி என்ன என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன். கழுவுமிடத்துக்குப் போய் முகத்தைக் கழுவினேன். என்மேல்தான் எனக்கு ஆத்திரமாக வந்தது. 'வர்றேன்' என்ற சொல்லைக் குழுவில் முன்மொழிந்தது நான். கல்லூரியில் மொழியியல் படித்தவர்கள் ஏழு பேர் ஆறு மாதம் உட்கார்ந்து வேலை பார்த்தோம். போறேன், போறன், போறேனுங்க, எப்படிச் சொன்னாலும் வண்டிக்குப் புரிய வேண்டும் என்று ஐந்து மாவட்டத்துப் பேச்சைப் பதிவு செய்தோம். சளி பிடித்த குரல், பல் போன வாய், வெற்றிலை போட்ட வாய், எதையும் விடவில்லை. குறுகலான சந்தில் எதிரில் வருகிறவரைப் பார்த்து 'நீங்க போங்க, நான் வர்றேன்' என்றுதானே சொல்வோம், அதனால் 'வர்றேன்' இயல்பாக வரும் என்று நான் விளக்கினேன், எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த ஆறு மாதமும் காலையில் வீட்டுக்காரரிடம் 'வர்றேங்க' என்று சொல்லிவிட்டுத்தான் அந்தக் கூட்டத்துக்குப் போனேன். போறேன் என்று சொல்லிவிட்டு யார் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள்? ஒருவர் மனசிலும் அது உதிக்கவில்லை.

அந்த வாரம் பழைய கோப்புகளைத் தோண்டினேன். கடைசிச் சொல் 'வர்றேன்' என்று முடிந்தவை முப்பத்துநாலு இருந்தன. ஒன்பதுக்கு மட்டும் முழுப் பதிவு கொடுத்தார்கள். ஒருத்தர் போனில் "செரி, வச்சிர்றேன், வர்றேன்" என்று முடிக்கிறார். ஒரு பெண் பிள்ளையைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு ஆயாவிடம் சொல்கிறாள். ஒன்பதில் ஏழு பேர் வண்டியிடம் பேசவே இல்லை. பக்கத்தில் இருந்த மனிதரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். அத்தனைக்கும் சொல் முரண் என்று சான்று கொடுத்திருந்தோம். இரண்டில் கையெழுத்து என்னுடையது.

எங்கள் விசாரணை அதிகாரி வேலாயுதசாமி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அறையில் தெய்வாத்தாள் பதிவைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவருக்கே உரிய நிதானத்தோடு, தன் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். சொல்லை மாற்ற வேண்டும் என்றேன். வேறு எதையாவது வைக்கலாம், நம் வாயில் அன்றாடம் வராத சொல்லாக.

"எத்தன வண்டி ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றார். "அத்தனையும் இந்த நாலு சொல்லுக்குப் பழகியாச்சு. மாத்தணும்னா எல்லாத்தையும் நாலு மாசம் நிறுத்தி மறுபடி பழக்கணும். ஊரே நின்னு போயிடும், யாருங்க ஒத்துக்குவாங்க? அப்புறம் வண்டி மேல என்ன தப்புச் சொல்லுவீங்க? அந்தம்மா ரெண்டு வார்த்தை சொன்னாங்க. ரெண்டையும் அது கேட்டுச்சு."

அவர் சொன்னதில் ஓட்டை இருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன், அந்தப் பேச்சையெல்லாம் குழுவில் பேசிப் பழகியவள்தான். ஒன்று மட்டும் செய்யலாம் என்றார் அவர். முழுப் பதிவை விசாரணையில் போட்டுக் காட்டினால், முதலில் சரியான சொல்லைச் சொன்னார் என்பது நிரூபணமாகும். ஓட்டுபவர் பிழை என்பதை நீக்கிவிடலாம். வழியை மூட வேண்டியதில்லை. ஆனால் மனுதாரர் முன்னிலையில்தான் போட வேண்டும், அதுதான் விதி. மனுதாரர் சென்னியப்பன்.

இப்போது என் முன்னால் இருந்த வழி இரண்டுதான். பதிவைப் போடாவிட்டால், தெய்வாத்தாள் வாய் குளறிச் செத்தவள் என்று பதிவேட்டில் இருப்பாள், வழி மூடப்படும், காலனி அவளைக் காலத்துக்கும் ஏசும். போட்டால், தான் சொன்ன வார்த்தையால்தான் அவள் செத்தாள் என்று அவள் புருஷனுக்குத் தெரிந்துவிடும். மனுவை வாபஸ் வாங்கச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். விசாரணையன்று காலையில் அவரை எதிரே இருந்த பேக்கரிக்குக் கூட்டிப்போனேன். டீ சொன்னேன். பதிவு கேட்பதற்குக் கஷ்டமாக இருக்கும், வேண்டாமென்றால் இப்போதும் விட்டுவிடலாம் என்று சுற்றி வளைத்தேன்.

"அவ கத்தறது கேக்குங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அது உண்மைதான்.

"அப்பப் போடுங்க அம்மிணி. அவ சரியாத்தான் சொன்னான்னு நாலு பேர் முன்னால தெரியட்டும். எனக்கு அது போதும்."

அங்கேயே சொல்லியிருக்கலாம். அண்ணா, அதில் உங்கள் குரலும் இருக்கிறது என்று ஒரு வாக்கியம். பேக்கரியில் கூட்டம் குறைவாகத்தான் இருந்தது, நேரமும் இருந்தது. நான் டீயைக் குடித்து முடித்தேன். கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் கிடையாது.

விசாரணை அறையில் ஆறு பேர். வேலாயுதசாமி, வண்டி உற்பத்தியாளர் சங்கத்திலிருந்து ஒரு வழக்கறிஞர், காலனி சார்பில் இரண்டு பெண்கள், சென்னியப்பன், நான். சென்னியப்பன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் பதிவை ஓடவிட்டேன். 'போறேன்' என்று தெய்வாத்தாள் குரல் வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்டீர்களா என்கிற மாதிரி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். காலனிப் பெண்களில் ஒருத்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அந்த ஆண் குரல் வந்தது. பிறகு சிரிப்பு. பிறகு 'வர்றேன்'. நான் அங்கேயே நிறுத்திவிட்டேன்.

சென்னியப்பன் என்னைப் பார்த்துக் கேட்டார். "நடுவுல பேசறது யாருங்க?"

தன் குரலைப் பதிவில் கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. இந்த வேலையில் எனக்கு அது நன்றாகத் தெரியும், ஆனாலும் இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. அவர் முகத்தில் கோபம் ஏறிக்கொண்டிருந்தது. எவனோ ஒருவன் குறுக்கே பேசித் தன் மனைவியைக் கொன்றுவிட்டான், அவன் பேர் கிடைத்தால் போதும் என்று பார்த்தார். வழக்கறிஞர் கீழே குனிந்து காகிதத்தைப் புரட்டினார். வேலாயுதசாமி என்னைப் பார்த்தார். காலனிப் பெண்கள் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது, இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கதாங்க ஐயா" என்றேன்.

அவர் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். இந்தத் தடவை அவர் உதடும் கூடவே அசைந்தது. மூன்றாவது தடவையும் கேட்டார், ஆனால் சிரிப்பு வரைக்கும் மட்டும் போடச் சொன்னார். போட்டேன். எங்கள் கேட்பாளர் அறையில் ஆயிரம் சாவு கேட்டிருக்கிறேன், அப்போதெல்லாம் அழாதவள் விசாரணை அறையில் அன்றைக்கு அழுதேன். அழுததற்காக வேலாயுதசாமி என்னைக் கண்டிக்கவில்லை.

அப்புறம் தீர்ப்பு. ஓட்டுபவர் பிழை நீக்கப்பட்டது. தெய்வாத்தாள் விதிப்படி சரியான சொல்லைச் சொல்லிச் சரியான நேரத்தில் புறப்பட்டார். வேப்பங்காட்டுப் பிரிவில் வழி மூடப்படாது. முறைமையின் பிழையா என்றால், அதுவும் இல்லை, கொடுத்த சொல்லுக்கு வண்டிகள் சரியாக நடந்துகொண்டன. பிழை யாருடையது என்று எழுதாமல் கோப்பை மூட முடியாது. படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் உண்டு, 'வெளியாள் குறுக்கீடு'. மாடு பாய்ந்தாலோ, மேலிருந்து பலகை விழுந்தாலோ குறிப்பதற்காக வைத்தது. இத்தனை வருஷத்தில் அதில் ஒரு மனிதரின் பெயரை நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு கட்டம் இருப்பது எனக்குத் தெரியும், அதுதான் நடக்கும் என்று நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். வேலாயுதசாமி மெல்லிய குரலில், இது தண்டனை எதுவும் இல்லை, வெறும் பதிவு, பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

சென்னியப்பன் பேனாவை வாங்கினார். "இதப் போட்டா அவ மேல தப்பில்லைன்னு ஆயிருங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆகிவிடும் என்றார் வேலாயுதசாமி. சென்னியப்பன் தன் பெயரை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேட்டு வந்தது எல்லாமே அவருக்குக் கிடைத்தது. வேலாயுதசாமி எழுந்து எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டு, "அப்ப நான் வர்றேங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். சொன்னது என்ன என்று அவருக்கே தெரிந்திருக்காது.

விசாரணைக்குப் பிறகு நான் மேலே அனுப்பிவைத்த அந்த ஒன்பது பதிவுகளும் வீண் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் சுற்றறிக்கை வந்தது. சைக்கிள் கடக்கும் வழியிலிருந்து பத்து மீட்டருக்குள் நின்று ஓட்டுபவரிடம் யாரும் பேசக்கூடாது. விடைபெறும்போது 'போறேன்' என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டும். சாலையோரத்தில் மட்டும் என்று வைத்தால் குழப்பம் வருமாம், அதனால் வீட்டிலும் அலுவலகத்திலும் பள்ளியிலும் அப்படியே பழகிக்கொள்ள வேண்டும். அதை நல்ல தமிழில் எழுதித் தருகிற பொறுப்பை என்னிடமே கொடுத்தார்கள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இன்னொருத்தி எழுதினால் இதைவிட மோசமாக எழுதுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். பிரிவுக்குப் பிரிவு பலகை வைத்தார்கள். 'போறேன் என்போம், பத்திரமாய் இருப்போம்.'

ஜனங்களுக்கு அது வாயில் வரவில்லை. புருஷனையோ பிள்ளையையோ முகத்துக்கு நேரே பார்த்துப் போறேன் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? பழைய சொல்லைச் சொல்லவும் பயம். அதனால் பேசாமல் கிளம்பக் கற்றுக்கொண்டார்கள். இப்போது காலையில் எங்கள் தெருவில் கேட்டைத் திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும்தான் கேட்கும். என் வீட்டுக்காரரும் நானும்கூட அப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் போகிறோம். 'வர்றேன்' என்று முடிகிற கோப்புகள் ஏறக்குறைய நின்றுவிட்டன. எங்கள் அலுவலகத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. மற்ற மூன்று சொல்லிலும் சாகிறவர்கள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அவை எந்த வழக்கத்தில் போய் இடிக்கின்றன என்று தோண்டிப் பார்க்க இனி யாருக்கும் முழுப் பதிவு தருவதில்லை.

சென்னியப்பன் திரும்ப வந்தது ஐந்து மாதம் கழித்து. கோப்பு மூடியதும் இறந்தவருடைய பொருள்களை ஒப்படைக்க வேண்டும். ஒரு தூக்குப்போசி, நசுங்கியது. ஒரு கிளி. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ரொம்ப இளைத்திருந்தார். உரத்த குரல் போய்விட்டது, அவர் பேசியது மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே சிரமப்பட்டுத்தான் கேட்டது. எப்படி இருக்கிறீர்கள் என்றேன். இருக்கேனுங்க என்றார். தினமும் காலையில் அந்தப் பிரிவுக்குப் போய்ப் பலகைக்குப் பின்னால், பத்து மீட்டர் தள்ளி, நிற்கிறாராம். பெண்கள் இருநூறு பேரும் ஒருவர் விடாமல் பத்திரமாகக் கடந்து போகிறார்களாம்.

"அவளை யாரும் இப்ப ஒண்ணும் சொல்றதில்லீங்க" என்றார். "என்னையும் ஒண்ணும் சொல்றதில்லீங்க. என்னையப் பாத்தாப் பேச்ச நிறுத்திர்றாங்க."

இது உங்கள் தப்பில்லை, அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான் என்று சொன்னேன். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், இத்தனை மாதம் கழித்துத்தான் சொல்ல வந்தது. அவர் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. நீங்கள் என்ன கண்டீர்கள் அம்மிணி, நம்ம எல்லாரும் சொல்றதுதானே என்று எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி ஏதோ சொன்னார். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார். எழுந்து, தூக்குப்போசியைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

"அப்பப் போறேனுங்க" என்றார்.

என் நாற்பத்துமூன்று வயதில் அப்படிச் சொல்லி என்னிடம் யாரும் விடைபெற்றதில்லை. நான் எழுதிய சுற்றறிக்கையைப் படித்து, அதை மதித்துச் சொல்கிறாரா, இல்லை அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் என்றைக்கும் என்ன அர்த்தமோ அந்த அர்த்தத்திலேயே சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டே பிழைக்கிறவள் நான், அந்தக் குரலிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. போறேன்னு சொல்லாதீங்க, வர்றேன்னு சொல்லுங்க என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அந்த வாக்கியத்தை அவர் முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன்? அவர் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.

"சரிங்க" என்றேன்.